மணி கேட்கும் தூரத்தில் ஒரு வீடு

நாகர்கோவிலில் வாடகைக்கு வீடு தேடிய நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. ஊரில் வீடு இல்லாமல் இல்லை. காலி வீடு தெருவுக்கு இரண்டு கிடந்தது. எனக்குக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கொடுக்க ஆள் இருந்த வீட்டில் நான் இருக்க முடியாது. இதுதான் சங்கதி. யாரும் இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம் என்று சொல்ல வேண்டாம்.

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் திருவிதாங்கூர் கொச்சியில் இருந்தோம். நான் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டர். என் பஸ் நாகர்கோவிலில் இருந்து தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை போகும். முதல் டிரிப் காலை ஐந்தேகால் மணிக்கு. ஊரையெல்லாம் வேலைக்குக் கொண்டுபோய் இறக்குகிறவன் தான் வேலைக்கு வருவதற்கு எதில் வருவான் என்று யாராவது யோசித்தது உண்டா? எனக்கு முன்னால் பஸ் கிடையாது. என் பஸ்தான் முதல் பஸ்.

ஆரம்பத்தில் எனக்கு ஏழு மணி பஸ்தான் கொடுத்திருந்தார்கள். தக்கலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தேன். இரண்டு தடவை அந்த பஸ் நிறைந்து வந்து என்னை ஏற்றாமல் போய்விட்டது. இரண்டு தடவையும் பிந்தினேன். முதலாளி கூப்பிட்டார். ஆறு மாதம் பார்த்துத்தான் ஆளை நிரந்தரம் ஆக்குவது அவர் வழக்கம். ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பிந்தினால் பெயரை வெட்டிவிடுவார். இரண்டு ஆயிற்று, இனி ஒன்றுதான் என்று சொல்லி, புத்தி வரட்டும் என்றே என்னை ஐந்தேகால் பஸ்ஸில் போட்டார். எனக்கு ஆறு மாதம் முடிவது ஆவணியில். அப்போது நடந்துகொண்டிருந்தது வைகாசி.

அன்றிலிருந்து பஸ் ஷெட்டிலேயே படுத்தேன். சீட்டில் காலை மடக்கிப் படுக்க வேண்டும். அதற்கும் ஆனி மாதம் வரைக்கும்தான் அனுமதி.

என் மனைவி புதுக்கடையில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஐந்து மாதக் கைக்குழந்தை, பெண். மாமனாருக்குப் புதுக்கடை சந்திப்பில் பாக்குக் கடை. கொஞ்சம் பெரிய கடை. கல்யாணம் ஆன நாளில் இருந்து என்னைக் கடைக்குள் இழுத்துப் போடப் பார்த்தார். மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருந்தார். அதில் யாரையும் உட்கார விடமாட்டார். நான் போகும்போதெல்லாம் அதைக் காட்டி, "மருமகனே, உம்ம சீட்டு காலியாத்தான் கெடக்கு" என்பார். பஸ்ஸில் சீட்டு கொடுக்கிறவனுக்கு அவர் கொடுக்கிற சீட்டு அது. கடையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

கடைசியாக அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் நாகர்கோவிலில் வீடு எடுத்துப் பெண்ணையும் பிள்ளையையும் கூட்டிப் போக வேண்டும். இல்லாவிட்டால் பஸ் வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட வேண்டும். ஷெட்டில் படுக்கிற ஆளுக்காகப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க அவர் சம்மதிக்க மாட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

என் பஸ் டிரைவர் கோட்டாற்றுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீடு பார்க்கப் போகிறேன் என்றதும் அவர்தான் ஒரே ஒரு புத்தி சொன்னார்.

"வே, வீடு நல்லா இருக்கா, வெளிச்சம் இருக்கான்னு பாத்துக்கிட்டு நிக்காதயும். மணிமேடை மணி கேக்குதான்னு பாரும். அது கேக்காத எடத்துல வீடு எடுத்தீருன்னா ஒறங்கிப் போயிருவீரு. மூணாவது தடவை ஆச்சுன்னா பாக்குக் கடைதான்."

என்னிடம் கடிகாரம் கிடையாது. என் சம்பளத்தில் கைக்கடிகாரமும் அலாரம் டைம்பீஸும் நினைத்துப் பார்க்கக்கூட முடியாது. ஊர் நடுவில் இருக்கிற அந்த மணிக்கூண்டுதான் என்னைப் போன்ற ஆட்களுக்குக் கடிகாரம். ஆகவே நான் வீடு தேடவில்லை. மணிச்சத்தம் எதுவரைக்கும் எட்டுகிறது என்று தேடினேன். மனைவிக்கு இரண்டு காரியம் வேண்டும். கிணற்றில் நல்ல தண்ணீர் வேண்டும். மீன் வைக்க விட வேண்டும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் கழியாது. எனக்கும்தான்.

முதலில் வெட்டூர்ணிமடம் போனேன். மேற்கே போகிற ரோட்டில் தனி வீடு. சுற்றிலும் வேலி, சொந்தக் கிணறு, முற்றத்தில் ஒரு கொல்லாமரம். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். எனக்குப் பிடித்துவிட்டது. உச்சிக்குப் பன்னிரண்டு மணி அடிப்பதைக் கேட்க ரோட்டில் நின்றேன். நின்றேன், நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. சாயாக்கடைக்காரரிடம் மணி என்ன என்று கேட்டால், பன்னிரண்டரை இருக்கும் என்கிறார். மணி இங்கே கேட்காதா என்றேன். கிழக்கே இருந்து காற்று வந்தால் கேட்குமாம். ஆனியும் ஆடியும் மேல்காற்று அடிக்கும், சத்தத்தை அப்படியே கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடுமாம். எனக்கு மணி வேண்டியது ஆனியிலும் ஆடியிலும்தான். போதாததற்கு அங்கிருந்து எங்கள் ஷெட்டுக்கு நாற்பது நிமிட நடை. விட்டுவிட்டேன்.

கோட்டாற்றில் சந்தைக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. மணி நன்றாகக் கேட்டது. டிரைவர் வீடும் பக்கம். மனைவிக்கு ஆள் அனுப்பி, குழந்தையோடு வந்து பார்க்கச் சொன்னேன். அடுத்த சுவர் மிளகாய் வற்றல் கிட்டங்கி. வண்டியில் இருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் கால் வைத்ததும் குழந்தை தும்ம ஆரம்பித்தது. தும்மி, இருமி, முகம் சிவந்து, அழக்கூட முடியாமல் திணறியது. மனைவி குழந்தையைச் சேலையால் மூடிக்கொண்டு நேரே பஸ்ஸுக்கு நடந்தாள். புதுக்கடை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "பிள்ளைக்கு மூச்சு விடக் கொள்ளாத எடத்துல மணி கேட்டு என்ன செய்ய?"

வடசேரியில் நெசவுத் தெருவில் ஒரு வீடு. தெருவில் எல்லாரும் தங்கமான ஆட்கள். மணி கேட்கும், தண்ணீர் நல்ல தண்ணீர். ஆனால் இருக்கிற ஒரே பெரிய அறையின் நடுவில் தறிக்குழி. நெய்கிறவர் காலைத் தொங்கப் போட்டு உட்காருவதற்காகத் தோண்டிய குழி. ஆள் இடுப்பளவு ஆழம். தவழப் போகிற பிள்ளை இருக்கிறது, மண் போட்டு மூடித் தாருங்கள் என்றேன். தறிக்குழியை மூடினால் அந்த வீட்டில் பிறகு தறி ஓடாது, வாடகைக்காரன் போவான் வருவான், தறி அப்படி இல்லை என்றார் வீட்டுக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

வடிவீஸ்வரத்தில் ஒரு வாசலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கதவைத் திறந்தவர் நீர் யாரு என்று கேட்டார். கண்டக்டர் என்றேன். "அது சட்டையில தெரியுது. நீரு யாரு?" என்றார். புதுக்கடைப் பக்கம் என்றேன். "அது பேச்சுல தெரியுது. யாருன்னு கேட்டேன்." நான் திரும்பி நடந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியை எத்தனை வாசலில் கேட்க நேர்ந்தது என்பதற்குக் கணக்கில்லை. தினமும் இவர்கள் என் பஸ்ஸில்தான் போகிறார்கள். டிக்கட் கொடுக்கும்போது ஒருவரும் நான் யாரென்று கேட்டதில்லை.

ஆனி கடைசி வாரத்தில், எல்லாம் போய்விட்டது என்று நினைத்தபோது, மீனாட்சிபுரத்தில் ஒரு வளவு கிடைத்தது. ஒரு பெரிய மதில், ஒரே ஒரு வாசல். உள்ளே முன்னால் வீட்டுக்காரர்கள் இருக்கிற பெரிய வீடு. பின்னால் வாடகைக்கு ஒரு சின்ன வீடு. ஷெட்டுக்கு ஏழெட்டு நிமிட நடை. மணி தலைமாட்டில் அடிப்பது போலக் கேட்கும்.

வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஈஸிசேரில் பத்திரிகையோடு கிடப்பார், பேச மாட்டார். எல்லாம் அவர் மனைவிதான். ஐம்பது வயது இருக்கும். கொஞ்சம் தடித்த உடம்பு, கூர்மையான கண். எத்தனை பேர், விருந்தாளி வருவார்களா, குழந்தை அழுமா என்று அவள் கேட்டாள். யாரு என்று கேட்கவில்லை. அதற்காகவே நான் அவளை நம்பிவிட்டேன். நானும் கேட்டேன். கிணறு எப்படி? நல்ல தண்ணீர். மீன்? வெள்ளிக்கிழமை மட்டும் கூடாது. மணி கேட்குமா?

"கேக்காம என்ன? நான் அந்த மணியக் கேட்டுத்தான் தெனமும் எந்திரிக்கது" என்றாள்.

இதைவிட என்ன வேண்டும்? மணி கேட்டு எழுந்திருக்கிற வீடு. எத்தனை மணி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது மனைவியும் பிள்ளையும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். மாமனார் வரவில்லை. ஸ்டூல் காலியாகத்தான் கிடக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் நாள் காலை நான்கு மணி அடித்தது, எழுந்தேன். மனைவி கட்டங்காப்பி தந்தாள். காக்கிச் சட்டையைப் போட்டு, பையைத் தோளில் மாட்டி, நாலேமுக்காலுக்கு வாசல் கதவின் தாழை நீக்கித் திறந்து தெருவில் இறங்கினேன். ஏழு நிமிடத்தில் ஷெட். டிரைவர் என்னைப் பார்த்து, வாரும் சம்சாரி என்றார். அன்று முழுவதும் ஒரு டிக்கட்கூடத் தப்பாகக் கிழிக்கவில்லை. அவ்வளவு நிம்மதி.

சாயங்காலம் திரும்பினால் வாசலில் அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"காலம்பற கதவத் தொறந்து போட்டுட்டுப் போனது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"வாசல் தெளிச்சிருந்துதா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. தெளித்திருக்கவில்லை என்றேன்.

"தெளிக்காத வாசலத் தாண்டி ஒரு ஆம்பள எறங்கிப் போனா அந்த வீடு வெளங்குமா? பொணம் எடுக்கிற வீட்டுலதான் அப்படி எறங்குவாவ. இது தெரியாதா உங்க ஊருல?"

எங்கள் ஊரில் தெரியும். காலையில் சாணித் தண்ணீர் தெளித்து, கோலம் போட்ட பிறகுதான் எங்கள் வீட்டிலும் ஆள் இறங்குவார்கள். ஆனால் எங்கள் மேற்குப் பக்கத்தில் ஒவ்வொரு வீடும் அவரவர் தோப்பு விளைக்குள் தனித்தனியாக நிற்கும். அவரவர் வாசல், அவரவர் சாணி. நான் மூன்று மணிக்கு இறங்க வேண்டுமானால் என் வீட்டுப் பெண் இரண்டே முக்காலுக்குத் தெளிப்பாள், முடிந்தது. இரண்டு குடும்பத்துக்கு ஒரு வாசல் என்பதை நான் கண்டதே இல்லை. மனைவி அன்று காலையில் எங்கள் சின்ன வீட்டு நடையில் தெளித்துத்தான் என்னை அனுப்பினாள். தெரு வாசல் எங்கள் வாசல் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கிணற்றைக் கேட்டேன், மீனைக் கேட்டேன், மணியைக் கேட்டேன். தெரு வாசலை எத்தனை மணிக்குத் தெளிப்பீர்கள் என்று கேட்கவில்லை. அந்த அம்மாளும் சொல்லவில்லை. யாருக்கும் தெரிந்த காரியத்தை யார் சொல்லுவார்கள்?

எனக்கு நாலேமுக்காலுக்கு இறங்கியாக வேண்டும் என்றேன். நான் ஐந்தரைக்குத் தெளிப்பேன், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றாள். என் மனைவி உள்ளே இருந்து வந்து, தானே நாலரைக்குத் தெளித்துவிடுவதாகத் தாழ்மையாகச் சொன்னாள்.

அந்த அம்மாள் அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "வாடகைக்கு இருக்கியவ கையால தலைவாசல் தெளிச்சா, எனக்க வீட்டு லட்சுமி யாருக்க வீட்டுக்குள்ள வருவா? சொல்லுட்டி."

ஈஸிசேரில் பத்திரிகைப் பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை வாசலில் பூட்டு. மண்வெட்டித் தலை அளவுக்கு ஒரு பூட்டு. சாவி அவள் இடுப்பில், அவள் உறக்கத்தில். நான் மதில் ஏறிக் குதித்தேன். மனைவி பையை மேலே நீட்டினாள். அதற்கு அடுத்த நாளும் குதித்தேன். ஆடி பிறந்தது. ஆடியிலும் குதித்தேன். வாசலைத் தாண்டினால்தான் தோஷம், மதிலைத் தாண்டினால் தோஷம் இல்லை போலிருக்கிறது. அவளுக்குத் தெரியும் நான் குதிக்கிறேன் என்று. ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மதிலில் இருந்து தெருவில் குதித்தபோது கீழே பால்காரர் மாட்டோடு வந்துகொண்டிருந்தார். மாடு மிரண்டது. அவர் களவாணி என்று ஒரு சத்தம் போட்டார். எதிர்வீட்டில் இருந்து இரண்டு பேர் ஓடி வந்து என்னைச் சட்டையோடு பிடித்தார்கள். நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். இந்த வீட்டில் இருக்கிறவன் ஏன் மதில் குதிக்கிறான் என்றார்கள். வாசல் தெளிக்கவில்லை, அதனால் குதித்தேன் என்றேன். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் பிடியை விடவில்லை. களவாணி சொல்லுகிற காரணத்தைப் பாரும் என்றார் பால்காரர். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து என் மனைவி கத்தினாள். வீட்டுக்கார அம்மாள் வந்து ஆளைப் பார்த்துச் சொல்லட்டும் என்று நின்றார்கள். அவள் அவள் நேரத்துக்குத்தான் வந்தாள். சாணி வாளியோடு வந்தாள். கதவைத் திறந்து, எங்களை ஒதுங்கச் சொல்லி, நிதானமாகத் தெளித்து முடித்த பிறகுதான், ஆமாம், இவர் நம்ம பின்வீட்டு ஆள்தான் என்று சொன்னாள்.

ஷெட்டுக்கு ஓடினேன். மணி ஐந்தேமுக்கால். என் வேலை போய்விட்டது என்று ஓடிக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். போய்ப் பார்த்தால் பஸ் நிற்கிறது. ஆட்கள் உள்ளே உட்கார்ந்து முணுமுணுக்கிறார்கள். டிரைவர் மூடியைத் திறந்து போட்டு என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை. நான் பின்பக்கமாக ஏறி டிக்கட் கட்டை எடுத்துக்கொண்டேன். டிரைவர் கையைத் துடைத்துவிட்டு, இப்போது எடுக்கும் என்றார். லிவர் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். எடுத்தது. என்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை.

தக்கலை தாண்டின பிறகு அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "வே, எனக்கும் மூணு பிள்ளை இருக்கு. இன்னொரு தடவை நான் இப்படிக் கள்ளம் பேச மாட்டேன். உம்ம வாசல் காரியத்த நீரே தீத்துக்கிடும்."

அன்று பேச்சிப்பாறை போய்த் திரும்புகிற வரைக்கும் எனக்கு வேறு நினைப்பு இல்லை. முதலாளி மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை. மாமனார் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து நான் பாக்கு மூட்டை பார்ப்பது மட்டும் கண்ணுக்குள் நின்றது. ஒரு பொம்பளை முக்கால் மணி நேரம் முன்னால் எழுந்திருக்க மாட்டாள் என்பதற்காக என் பிழைப்புப் போக வேண்டுமா?

மறுநாள் காலை மதில் மேல் ஏறி உட்கார்ந்து, மனைவியிடம் சாணி வாளியைக் கேட்டேன். எதற்கு என்றாள். கொடு என்றேன். கோலப்பொடிச் சிரட்டையையும் கேட்டேன். அவளுக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். "கெழக்க இருந்து தெளியுங்க. கோலம் ஒத்த இழைல போடுங்க, அறுத்துராதீங்க" என்று சொல்லி எடுத்துத் தந்தாள்.

தெருவில் இறங்கி, காக்கி நிஜாரும் தோள்பையுமாக, அந்த வீட்டுத் தலைவாசலில் சாணித் தண்ணீர் தெளித்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. பாதி என் செருப்பிலேயே விழுந்தது. குனிந்து கோலமும் போட்டேன். புள்ளி வைத்தேன், புள்ளிகளைச் சேர்க்கத் தெரியவில்லை. நாலைந்து கோடு இழுத்தேன். பஸ் மாதிரி ஒரு வடிவம் வந்தது. வாளியை மதிலுக்கு மேலே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். நான் செய்தது மரியாதை இல்லாத காரியம்தான். மரியாதை பார்க்கிற நிலையில் நான் அன்று இல்லை.

ஐந்தரைக்கு அவள் கதவைத் திறந்தபோது எதிர்வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கோலத்தைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மனைவி சொன்னாள். பால்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், எல்லாரிடமும் சொல்லியும் இருக்கிறார். எதிர்வீட்டுக்காரி, "என்ன, உங்க வீட்டுல இப்பம் கோலத்துக்கு கண்டக்டரையா வச்சிருக்கிய? காலம்பற டிக்கட் குடுத்துத்தான் லட்சுமிய உள்ள விடுவாரோ?" என்று கேட்டாளாம். பெண் கை படாத கோலம், அதுவும் வாடகைக்காரன் கோலம், தெரு பார்க்க அவள் தலைவாசலில். அவள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி அழித்தாளாம். ஈஸிசேரில் இருந்தவர் அன்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார் என்று மனைவி சொன்னாள். அதை நான் நம்பவில்லை.

சாயங்காலம் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டாள். வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றாள். சரி, நாளைக்கே என்றேன். சொன்ன பிறகுதான் அவளுக்கு ஆடி ஞாபகம் வந்தது. ஆடியில் குடும்பம் இறங்கிப் போன வீடும் விளங்காது. அவள் சட்டமே அவளை மறித்தது. எனக்கும் ஆடியில் யாரும் வீடு தரப் போவதில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆவணி ஒன்றாம் தேதி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நான்கு மணி அடித்து நான் எழுந்தபோது வாசல் பக்கம் சளக் சளக் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். பூட்டுத் திறந்திருந்தது. அந்த அம்மாள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெளித்துக்கொண்டிருந்தாள். பெரிய கோலம் போட்டாள். நான் அதைத் தாண்டி இறங்கிப் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையோ என் மனைவி கையோ முந்திவிடக் கூடாது என்பதற்காக ஆடி முழுக்க அவள் நான்கு மணிக்கு எழுந்தாள். மழை கொட்டின நாளிலும் எழுந்தாள். கேட்டபோது எழுந்திருக்க முடியாதவளுக்கு, வீம்பு என்று வந்ததும் முடிந்தது.

ஆவணியில் முதலாளி என்னை நிரந்தரம் ஆக்கினார். அதே வாரம் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். அந்த அம்மாள் உமக்கு வேலையை உறுதியாக்கித் தந்துவிட்டுத் துரத்தினாள் என்று டிரைவர் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் குழந்தையோடு மறுபடியும் வீடு. திரும்பவும் நீர் யாரு.

கடைசியில் வெட்டூர்ணிமடத்துக்கே போனோம். கொல்லாமரத்து வீடு காலியாகத்தான் கிடந்தது. நிரந்தரம் ஆனது தெரிந்து மாமனார் வந்தார். கூட ஒரு அலாரம் டைம்பீஸ் கொண்டு வந்தார். "ஸ்டூல எடுத்து மாத்திட்டேன், மருமகனே. சாக்கு வைக்க எடம் இல்ல" என்றார். அந்த டைம்பீஸை அவர் வைகாசியிலேயே தந்திருந்தால் எனக்கு மணிமேடையும் வேண்டாம், மீனாட்சிபுரமும் வேண்டாம், மதிலும் வேண்டாம். இதை நான் அவரிடமே சொன்னேன். நீர் கேட்கவில்லையே என்றார். நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

மனைவிக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. தனி வாசல், தனிக் கிணறு, வெள்ளிக்கிழமையும் மீன். குழந்தை முற்றத்தில் தவழ்ந்தது. நான் மட்டும் தினமும் நாற்பது நிமிடம் நடந்தேன். நான்கு மணிக்கு எழுந்து வந்த இடத்தில் மூன்றரைக்கு எழுந்தேன். ஒரு நாளும் பிந்தவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மீனாட்சிபுரம் பெரிய ரோட்டில் சாக்கடை ஓடை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதனால் அந்தப் பழைய தெரு வழியாக ஷெட்டுக்குப் போனேன். ஐந்து மணி ஆகவில்லை. தெருவில் திரும்பினதும் நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் எல்லா வாசலும் தெளித்துக் கிடந்தது. எல்லாக் கதவும் திறந்திருந்தது. ஒரு வாசல் மிச்சம் இல்லாமல் கோலம். ஆடியில் எங்கள் பழைய வீட்டுக்கார அம்மாள் நான்கு மணிக்குத் தெளிப்பதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி அதற்கு முந்தியிருக்கிறாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு. இப்போது யாராலும் பின்வாங்க முடியவில்லை. ஊரில் நாலேமுக்காலுக்கு வேலைக்குப் போகிற ஒருவன் குடியிருக்க வேண்டுமானால் அதைவிடத் தோதான தெரு நாகர்கோவிலில் இல்லை.

அந்த அம்மாள் அவள் வாசலில் கோலச் சிரட்டையோடு நின்றாள். கண் உள்ளே போயிருந்தது. பின்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்காமலே சொன்னாள். ஓய்வு பெற்ற வாத்தியாராம், பெண்சாதியும் அவரும், ஏழு மணி வரைக்கும் உறங்குவார்களாம்.

"இப்பம் எங்க இருக்கிய?" என்றாள்.

"வெட்டூர்ணிமடம்."

"அய்யோ, அம்புட்டுத் தூரமா? ரொம்ப நேரத்தோட எந்திரிக்கணுமே."

வாயில் வந்ததை விழுங்கினேன். மணிமேடையில் ஐந்து அடித்தது. அங்கே நின்றால் தலைமாட்டில் அடிப்பது போலக் கேட்கும். பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்து போனேன்.